கண்ணாடியின் உட்புறம்

கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடும் அந்த விஞ்ஞானி, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த இரும்புத் தொட்டியின் சின்னக் கண்ணாடியில் வழக்கம்போலக் கண்ணை ஒட்டிவைத்தாள். உட்புறம் கொழகொழவென்று எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

டெக்னீஷியனாக இருந்த கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். "மூடுறப்ப வாயில என்னத்தைப் போட்டு மென்னுக்கிட்டிருந்தே? கருமம்."

"முகமூடி போட்டிருந்தேன் அண்ணி. உள்ள காத்தே இல்ல. நானே துப்பியிருந்தாலும் அப்பவே காஞ்சிருக்கும்."

தொட்டியைத் திறந்ததும் ஊசிப்போன வாடை குப்பென்று அடித்தது. மூக்கைச் சுளித்தபடி ஸ்பிரிட்டால் துடைத்து, மூடி, மறுபடி காற்றை உறிஞ்சினார்கள். மறுநாள் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"பாத்தீங்களா, சுத்தமா இருக்கு" என்றான் அவன்.

அவள் நிம்மதியாகக் கண்ணை ஒட்டிவைத்தாள். உள்ளே எதுவும் இல்லை. அவள் கண்ணுக்கு நேரே மட்டும் கண்ணாடி கீழிருந்து மேலாக மெல்ல ஈரமானது. அந்த ஈரம் ருசி பார்ப்பதுபோலச் சற்று நின்று, மறுபடி கீழிருந்து தொடங்கியது.