முதல் தாமதம்

நாற்பத்தொன்றாவது படிவத்தைப் புரட்டியதும் தேதிதான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

படிவத்தில் பெயர் இருக்காது. வயது இருபத்தாறு. எட்டாம் மாதம். ஊருக்குப் பதில் ஓர் எண்.

அக்காதான்.

படிவத்தைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

பொது சுகாதார முதுகலை, கடைசிப் பருவம். கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்த பெண்களின் வீட்டாரிடம் யாரோ கேட்டு எழுதி வந்த படிவங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எண் போட வேண்டும். சிகிச்சைக்குக் கிளம்ப வீட்டில் தாமதம் என்றால் ஒன்று. வழியில் என்றால் இரண்டு. ஆஸ்பத்திரியில் என்றால் மூன்று. எதிர் நாற்காலியில் கூடப் படிக்கும் ஜெசிந்தா. அவளுக்கு டெல்லியில் வேலை உறுதியாகிவிட்டது. இவளுக்கு அடுத்த வாரம் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் நேர்காணல்.

பதில் சொன்னவர்: கணவர்.

தலைவலி எப்போது தொடங்கியது? சாயங்காலம்.

கண் மங்கியதா? ஆமாம்.

யாரிடமாவது யோசனை கேட்டீர்களா?

'யாரையும் கேக்கலீங்க. நானாத்தான் காலைல பாத்துக்கலாம்னு உட்டுட்டனுங்க.'

அந்த வரியை மூன்று தரம் படித்தாள்.

அக்காவின் கணவர், மாமா, கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, போனில், அவளிடம்.

"தலைவலிங்கறா, கண்ணும் மங்குதுங்கறா. நீ படிக்கிற புள்ள, சொல்லு கண்ணு. கூட்டிட்டுப் போயரட்டுமா?"

மறுநாள் அவளுக்குப் பரீட்சை. தலைவலிக்கெல்லாம் எதுக்கு மாமா, மாத்திரை போட்டுப் படுக்கச் சொல்லுங்க, காலைல பாத்துக்கலாம் என்றாள். கர்ப்பிணிக்குத் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்கிற பாடம் அடுத்த பருவத்தில்தான் வந்தது. படிப்பாம் படிப்பு!

விடியுமுன் வலிப்பு. ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்குமுன் எல்லாம் முடிந்தது.

ஒன்றரை வருடமாக அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். "எம் பொண்ணக் கொன்னுபோட்டான் பாவி." அவர் வாசலில் பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை. அக்காவின் மூன்று வயது மகள் அங்கேதான் இருக்கிறாள், அவளையும் போய்ப் பார்ப்பதில்லை. மாமா ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.

அவளும்தான்.

முன்பின் தெரியாத யாரிடமோ, பெயர் எழுதாத தாளில்கூட, அந்த மனுஷன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு. எனக்கு ஒண்ணு. உனக்கு?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணு."

"புருஷன்காரன் சரியான மடையன்டி. தெரிஞ்சவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

எண் ஒத்துப்போனது. ஜெசிந்தா அடுத்த படிவத்தை எடுத்தாள்.

இவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டாள்.

"என்ன கண்ணு இந்நேரத்துல? கிளாஸ் இல்லயா?"

"அம்மா, அக்காவுக்குத் தலைவலின்னு அன்னைக்கு மாமா எங்கிட்டக் கேட்டாரும்மா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"என்ன கேட்டான்?"

அவள் சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை.

அம்மா போனை வைக்கவில்லை.

பிறகு அம்மா கேட்டாள்.

"மாப்பிள்ளை சோத்துக்கு என்ன பண்றாரு?"