ஏறின எடை

“எடுத்ததை வெச்சிடு. போலீஸ் வரைக்கும் போக வேண்டாம்” என்றார் தலைமைப் பொறியாளர்.

“எதை சார்?” என்றார் மெக்கானிக்.

“அதைத்தான் நான் உன்னைக் கேட்கிறேன்.”

எரிபொருளில் ஓடும் விமானம் இறங்கும்போது எடை குறைந்திருக்கும். இது வெயிலில் ஓடுவது. முப்பது மணி நேரம் கடல்மேல் பறந்தாலும் ஏறின எடையோடு இறங்க வேண்டும். விமானத்தையும் விமானியையும் தனித்தனியாக எடை போட்டுக் கூட்டினார்கள். விமானியின் மூச்சு, வியர்வைக்குக் கழித்த பிறகும் மூன்று கிலோ குறைந்தது.

இறங்கியதும் விமானி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். விமானத்தை எடை மேடைக்குத் தள்ளி வந்தவர் மெக்கானிக்.

“பாட்டரி செல் ஒண்ணு சரியா மூணு கிலோ. எவனுக்குக் கொடுத்தே?”

“எண்ணிப் பாருங்க சார், எல்லாம் இருக்கும்.”

“எண்ணியாச்சு. இருக்கு. அதனாலதான் சந்தேகமே. வேற எதையோ எடுத்திருக்கே.”

மெக்கானிக்கின் பையைப் பொறியாளர் மேஜையில் கொட்டினார். சாப்பாட்டு டப்பா, துண்டு, தைக்க எடுத்து வந்த மகளின் அறுந்த செருப்பு. செருப்பையும் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார்.

“நாளைலேர்ந்து வர வேண்டாம். அடையாள அட்டையைக் கழட்டி வை.”

பூங்கொத்தோடு விமானி உள்ளே வந்தார். ‘வானத்தில் ஒரு பொட்டு அழுக்குகூட விடாமல் வந்திருக்கிறேன்’ என்று வாசலில் பேட்டி கொடுத்துவிட்டு வந்த முகம். விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக்கின் தோளில் கை போட்டார்.

“குடும்பஸ்தன் சார். ஏதோ சபலம். எனக்காக விட்டுடுங்க.”

“நான் எடுக்கலை சார்!”

“அதான் மன்னிச்சாச்சே” என்றார் விமானி.

“உங்க மனசு யாருக்கு வரும்!” என்றார் பொறியாளர்.

அப்போது காவலாளி ஒரு படகுக்காரரை அழைத்துவந்தார். கையில் நீல நிறப் பை. அதில் அந்த விமானத்தின் படம்.

“விடியக்காலைல எங்க படகுல வந்து விழுந்துச்சுங்க. நல்லவேளை, யார் தலையிலயும் விழலை.”

பொறியாளர் பிரித்தார். பாதி தின்ற பொட்டலங்கள். காலி பாட்டில்கள். மஞ்சளாக நிறைந்த இரண்டு பாட்டில்கள்.

விமானி பூங்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார்.

படகுக்காரர் சொன்னார்: “ஒரு துளி புகை வரலீங்களே, என்ன விமானம்டா இதுன்னு அண்ணாந்து பார்த்துட்டு இருந்தோம். இதுதான் வந்துச்சு.”