சோயா காபி இருபத்தைந்து ரூபாய்

கல்லாவுக்குக் கீழே குனிந்து, யாரும் பார்க்காதபடி சாதாரண பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தான் சிவபாலன். நிமிர்ந்தபோது, அவனே எழுதி மாட்டிய விலைப்பலகை கண்ணில் பட்டது: காபி பத்து ரூபாய், சோயா காபி இருபத்தைந்து.

சென்னையிலிருந்து வர வேண்டிய சோயா பால் ஒரு வாரமாக வரவில்லை. காஞ்சிபுரத்தில் அதைக் கேட்டு வருகிறவரும் ஒரே ஒருவர்தான், நெசவாளர் பரமசிவத்தின் மனைவி ஏலவார்குழலி. அவரையும் திருப்பி அனுப்புவானேன் என்று முதல் நாள் மாட்டுப்பாலை ஊற்றினான். மறுநாள் கை பழகிவிட்டது.

முன்பெல்லாம் அந்த அம்மாள் பாதி டம்ளரை மீதி வைப்பார். “இந்தத் தண்ணிக்கு இருபத்தஞ்சா? பட்டுப்புடவைக்குக்கூட நாங்க இப்பிடி வெலை சொல்றதில்லப்பா!” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் போவார்.

இந்த வாரம் அந்தப் பேச்சே இல்லை. காலையிலும் வந்தார், சாயங்காலமும் வந்தார். நெசவுக் கூலி சேர்ந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இன்று கணவரும் கூட வந்திருந்தார். மூலை மேசையில் டம்ளரை வைத்துவிட்டு சிவபாலன் திரும்பியபோது, பரமசிவம் கல்லாவில் சாய்ந்துகொண்டு பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஒனக்கு வாய் கூசலியாப்பா, இந்த வெலை சொல்ல?” என்று சிரித்தார். “இன்னா பண்றது, குடுத்துத்தான் ஆவணும். காசிக்குப் போனவங்க எல்லாம் பாவக்காயை உட்டுட்டு வருவாங்க. எங்க வூட்டுக்காரி கங்கையில நின்னுக்கினு பாலையே உட்டுட்டா! தெருவே அவளைக் கையெடுத்துக் கும்புடுது.”

சிவபாலனுக்குக் காது மடல் சுட்டது. மூலை மேசையில் அந்த அம்மாள் தலையை அண்ணாந்து கடைசிச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தார். பதினைந்து ரூபாய்க்கு ஆசைப்பட்டு என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவனுக்கு உடம்பு கூசியது.

“வண்டியைத் திருப்பிக்கினு வரேன், குடிச்சிட்டு வாம்மா” என்று பரமசிவம் வெளியே போனார். சிவபாலன் தயங்கித் தயங்கி மேசைக்குப் போனான். பலகையை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை, அந்த அம்மாளின் முகத்தையும்தான்.

“அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. சோயா வரவே இல்ல. இந்த வாரம் பூரா நான் ஊத்தினது மாட்டுப்பாலு. காசியில நீங்க உட்டதை நான் கெடுத்துட்டேன். இன்னிக்குப் பத்து ரூபா போதும். கூட வாங்கினதையும் குடுத்துடறேன். ஐயாகிட்டயும் நானே சொல்லிடறேன்மா.”

ஏலவார்குழலி திட்டவில்லை. முகம் சிவக்க வாசல் பக்கம் பார்த்தார். உதட்டோரத்து நுரையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கிசுகிசுத்தார்:

“மொத நாளே தெரியும்பா. சத்தம் போடாம சோயா வெலையே போடு, அவரு வர்றாரு.”