சோதனைக்கு வந்தவள்

மேக்கப் பிரமாதம் என்று எஸ்.ஐ. பாலகிருஷ்ணன் மனத்துக்குள் கைதட்டினார். எதிரே நின்ற பெண்ணின் கன்னத்தில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தன. பீங்கான் கம்பெனியில் பொம்மை செய்கிறவள் என்று நம்பவைக்க நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் வேறு.

போன வாரம் கடலூரில் மூன்று நாள் பயிற்சி. வீட்டில் அடிபட்டு வரும் பெண்களிடம் போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மேடம் பாடம் நடத்த, இவர் கூரை அதிரக் குறட்டை விட்டார். ஸ்டேஷனுக்குத் திரும்பிய அன்றே டீயோடு ஒரு சேதியும் வந்தது. பாடம் மண்டையில் ஏறியதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை ஒரு பெண் மாறுவேஷத்தில் வருவாளாம். கோட்டை விட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்களாம்.

இன்று வெள்ளி.

"உக்காரும்மா. பேரு?"

"துர்காங்க. வூட்டுக்காரரு தெனம் அடிக்கிறாருங்க. மூணு தடவ வந்தேன். அனுசரிச்சிப் போன்னு தொரத்திட்டாங்க."

"எவன் அப்படிச் சொன்னது?"

"நீங்கதாங்க. பேப்பர்லேருந்து நிமுந்துகூட பாக்கல."

வசனம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறார்களே என்று அசந்துபோனார் பாலகிருஷ்ணன். ஸ்டேஷனின் ஒரே ஃபேனை அவள் பக்கம் திருப்பினார். டீக்கார ராஜம்மாள் எல்லாருக்கும் டீ வைத்தாள். துர்காவுக்கு மட்டும், கேட்காமலேயே, சர்க்கரை இல்லாமல்.

'நீ என்னம்மா பண்ணினே, அடிக்கிறதுக்கு?' என்று நாக்கு நுனிவரை வந்ததை டீயோடு விழுங்கினார். அரை மணியில் எஃப்.ஐ.ஆர். தயார். நகலை மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டாள் துர்கா.

மங்கலம்பேட்டை பஸ்ஸிலிருந்து புருஷன் நந்தகுமாரை இறக்கி அள்ளிவந்தது ஜீப். அவன் வெள்ளாற்றில் வெள்ளம் வருகிற அளவுக்கு அழுதான். இவன் அவளைவிடப் பெரிய நடிகன் என்று மெச்சியபடியே லாக்கப்பைப் பூட்டிவிட்டு, கடலூருக்குப் போன் போட்டார்.

"மேடம், நான் பாஸுங்களா?"

"எதுல?"

"நீங்க ஒரு பொண்ண அனுப்பி வெச்ச டெஸ்டுல."

"நாங்க யாரையும் அனுப்பலையே சார். யாரு சொன்னாங்க?"

பாலகிருஷ்ணன் போனை வைத்தார். டி.எஸ்.பி. ஆபீசில் கேட்டதாக அந்தச் சேதியைச் சொன்னவள், காலி கிளாஸ்களைக் கம்பித் தூக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

ராஜம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணுதாங்க, ஐயா."