ஒரே ஒரு எலெக்ட்ரான்

விழுப்புரத்துக் கல்லூரி ஆய்வகத்தில் ஃபர்ஹானா அளவீடு கெடாமலிருக்க மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத டிரான்சிஸ்டர் ஒன்றில் ஓடும் மின்சாரம் கணினித் திரையில் பச்சைக் கோடாக நகர்கிறது. நினைத்தாற்போல் ஒரு படி இறங்குகிறது, கொஞ்சம் நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. இணைப்பு சரியில்லை என்று சொல்லி, அவளுடைய ஆய்வு வழிகாட்டி நான்கு மாதமாக இந்த அளவீட்டை ஏற்க மறுக்கிறார். அவளை அழைத்துப்போக வந்திருக்கும் அப்பா மொய்தீன் பிச்சை, துபாயில் ஏசி மெக்கானிக், விடுப்பில் ஊருக்கு வந்தவர், திரையைக் குனிந்து பார்க்கிறார். “ஒயரு லூஸா இருக்கும்மா.” “மூணு வாட்டி மாத்திட்டேன் அத்தா. உள்ள ஒரு எலெக்ட்ரான் போய் மாட்டிக்கினு நிக்குது. மாட்டுனா கோடு எறங்கும், வெளிய வந்தா ஏறும்.” “ஒரே ஒண்ணா?” “ஒரே ஒண்ணு.” அவர் நம்பவில்லை. மேசையில் கிடந்த மரக்குச்சியை எடுத்து, ஒயர்களைப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுகிறார். கோடு அதற்கெல்லாம் தாவவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பிறகு, தானாக ஒரு படி இறங்குகிறது. மூக்கு நுனியில் வியர்வை சேர, இன்னும் மூன்று தாவல்களைப் பொறுமையாகப் பார்க்கிறார். “ஒயருல ஒண்ணும் கோளாறு இல்லம்மா.” நான்கு மாதத்தில் இதை அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஃபர்ஹானா நோட்டில் நேரத்தைக் குறிக்கிறாள். பக்கத்தில் ‘இணைப்பு சரி’ என்று எழுதுகிறாள்.