நாலரைக் கிலோ

ஈரம் பார்க்கச் சாக்கைக் கவிழ்த்ததும், தேயிலைக் கொழுந்தோடு ஒரு துணிமூட்டையும் பொத்தென்று விழுந்தது. ஏஜென்ட் கீர்த்திவாசனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"எல்லாரும் வந்து பாருங்க. எடை ஏத்தறதுக்குப் பாறைத் துண்டைக் கட்டிப் போட்டிருக்கறா."

மஞ்சூர் ஷெட்டில் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற அத்தனை பேரும் சின்னம்மையைப் பார்த்தார்கள். அரை ஏக்கர் தேயிலையை வைத்துப் பிழைப்பவள். அவள் தலை குனியவில்லை.

கீர்த்திவாசன் ஈரத்துக்கு என்று சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பான். வெயில் காலத்திலும் கழிப்பான். அந்த யோக்கியன்தான் இப்போது நியாயம் பேசினான்.

"போன வாரம் என்ற மெஷின் கம்மியாக் காட்டுதுன்னு சொன்னவதானே நீ?"

"ஆமாங்க. எங்கூட்டுத் தராசுல நிறுத்தா கூட இருந்துச்சுங்க."

"சந்தையில உருளைக்கெழங்கு நிறுக்கற தராசு. அதுக்கு கவர்மெண்ட் முத்திரை இருக்குதான்னு கேட்டனே, வாயத் தொறந்தியா? இனி உன்ற கொழுந்து இந்த ஷெட்டுக்குள்ள வரக்கூடாது."

அந்தப் பக்கத்தில் கொழுந்து வாங்க வேறு ஆள் இல்லை. பறித்த இலை மறுநாளைக்குத் தாங்காது. அது தெரிந்துதான் சொன்னான்.

"சரிங்க. ஆனா அந்த மூட்டையை நிறுத்து, எவ்வளவுன்னு எழுதிக் குடுத்துருங்க. அதை மட்டும் கழிச்சுக்கங்க."

திருட்டில் பிடிபட்டவள் சீட்டு கேட்கிறாளே என்று அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த அழுக்குத் துணியைத் தொடவும் துரைக்குக் கூசியது.

"நீயே தூக்கி வை."

வைத்தாள். மெஷினில் எண் ஓடி நின்றது.

"நாலரைக் கிலோ" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான். தேதி போட்டு எழுதி, கேட்காமலே கையெழுத்தும் போட்டு, சீட்டை அவள் முன்னால் விட்டெறிந்தான்.

சின்னம்மை அதை எடுத்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வரிசையில் நின்றவர்கள் பக்கம் மூட்டையைத் திருப்பி வைத்து, நிதானமாக முடிச்சை அவிழ்த்தாள்.

"நீங்க கேட்ட முத்திரை இதுல இருக்குதுங்க. எங்கூட்டு எடைக்கல்லு, அஞ்சு கிலோ."