அனுமதி இல்லாத கயிறு

திரையில் அந்தக் கம்பம் வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்த விரல் அது. எந்த மின்கம்பத்தில் எந்தக் கேபிள் கம்பெனி தன் கம்பியைக் கட்டலாம், எது கட்டக்கூடாது என்று மின் அலுவலகத்தில் சொல்ல வேண்டியவள் அவள்தான். கூட வேலை பார்ப்பவர்கள் கம்பத்தக்கா என்றே கூப்பிடுவார்கள்.

முன்பெல்லாம் இந்த அனுமதிக்காக ஒரு கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கும். இப்போது எல்லாம் ஆன்லைன். கம்பெனி விண்ணப்பம் போடும். படம் எடுப்பவர் போய்க் கம்பத்தை நாலு பக்கமும் எடுத்து ஏற்றுவார். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பச்சைப் பொத்தானையோ சிவப்புப் பொத்தானையோ தட்டிவிடுவாள்.

சாஃப்ட்வேருக்குக் கம்பங்களை எண்ணால்தான் தெரியும். அதனால் படம் விரியும்வரை அவளுக்கும் தெரியவில்லை.

அது அவள் குடியிருந்த தெரு.

படத்தின் மேல் ஒரு கட்டம் மினுங்கியது. அனுமதி இல்லாத கயிறு ஒன்று கம்பத்தில் இருக்கிறது. உரிமையாளர் யாரென்று பதியுங்கள், இல்லையென்றால் அகற்ற உத்தரவிடுங்கள் என்றது. ஏணி வண்டி அந்தத் தெருவிலேயே காத்திருந்தது. சிவப்பைத் தட்டினால் சாப்பாட்டு நேரத்துக்குள் அறுத்துப் போட்டுவிடுவார்கள்.

அதைக் கட்டச் சொன்னதே அவள்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

தங்கையின் வீட்டுக்கு எதிர்வீடு வாடகைக்குக் கிடைத்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் நடுவில் லாரி போகிற தெரு. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. தெரிந்த லைன்மேன் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி, கம்பத்தில் ஒரு வளையம் மாட்டி, இந்த அடுப்படி ஜன்னலிலிருந்து அந்த அடுப்படி ஜன்னலுக்கு நைலான் கயிறு இழுத்தாள். இரண்டு முனையிலும் மணி.

இழுத்தால் 'வா' என்று அர்த்தம். பால் திரிந்தாலும் வா, மாமியார் முறைத்தாலும் வா, ஒன்றுமே இல்லாவிட்டாலும் வா.

காக்கை உட்கார மணி அடித்த நாட்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். நீயா கூப்பிட்டாய், நீயா கூப்பிட்டாய் என்று கையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும் காக்கையைப் பார்த்துவிட்டு, அடுப்பில் இருப்பது தீயும்வரை சிரிப்பார்கள்.

என்ன சிரிப்பு அது. அப்படியெல்லாம் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள், தங்கை வீட்டில். ஒரு நாள் மணி அடித்தது. குக்கர் இறங்கட்டும் என்று இவள் இருந்துவிட்டாள். போனபோது அம்மா இல்லை.

அக்காவுக்கு அம்மாவைவிட அடுப்புதான் பெரிது என்று சொந்தபந்தங்கள் நடுவில் வைத்துத் தங்கை சொன்னாள். பொய்யாக இருந்திருந்தால் இவள் மறந்திருப்பாள்.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்து ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு விசேஷ வீடுகளில் பார்த்தாலும் ஆளுக்கொரு மூலைதான். எதிர்வீட்டை இடித்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். இவள் போய்ப் பார்க்கவில்லை.

பேச்சே இல்லாதபோது கயிறு எதற்கு, அறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று படத்தைப் பெரிதாக்கினாள்.

கயிறு மஞ்சளாக இருந்தது.

அவர்கள் கட்டியது பச்சை. வெயிலில் கிடக்கும் நைலான் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கம்பத்தோடே காலம் தள்ளியவளுக்கு இது தெரியாதா என்ன? இந்த மஞ்சள் இன்னும் வெளுக்கக்கூட இல்லை. கடையிலிருந்து வந்து அதிக நாள் ஆகியிருக்காது.

அது தங்கையின் அடுப்படி ஜன்னலில் தொடங்கிக் கம்பம்வரைதான் வந்தது. அதற்கு அப்பால் கட்டுவதற்கு வீடு இல்லை. வெறும் மனையும் முள்செடியும்தான். வளையத்தில் முடிந்த கயிற்றின் நுனியில் ஒரு மணி தொங்கிக்கொண்டிருந்தது. இவள் வீட்டைக் காலி செய்தபோது கழற்றாமல் விட்டுவந்த மணி.

படத்துக்குக் கீழே, எடுத்தவர் குறிப்பு எழுதியிருந்தார். மணி நன்றாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லி அந்த வீட்டு அம்மா கூடவே நின்றாராம். படம் கம்பத்தக்கா மேசைக்குத்தானே போகும் என்று இரண்டு தடவை கேட்டாராம்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். எண் விரலுக்கு மறந்திருக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் தங்கை.

எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அழுகை முந்திக்கொண்டு வந்தது. அதை மறைக்க அலுவலகக் குரலை வரவழைத்துக்கொண்டு, கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டியிருக்கும் கயிறு சம்பந்தமாகப் பேசுகிறேன் என்றாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தங்கை பேசினாள்.

"என்னக்கா, இப்பதான் மணி கேட்டுச்சா?"